காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு ஜப்பானியக் கிராமப் பள்ளிக்கு

காலை ஏலம் முடிந்து காரைக்கால்மேட்டுக் கரை அடங்கியிருந்த நேரம். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்த பெண் ஒருத்தி தேடி வந்தாள். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டாள். கைப்பேசியில் எதையோ காட்டி, "டீச்சர், ஜப்பான்ல கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷ் சொல்லித்தர வெளிநாட்டு ஆளு எடுக்கறாங்களாம். நான் போகலாமா?" என்று கேட்டாள். அவள் அப்பா பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "கடலுக்குப் போறவன் பொண்ணு கடல் தாண்டுறது பெரிய விசயமில்ல டீச்சர். போற எடத்துல இவள ஊர் ஆளா ஏத்துக்குவாங்களா, அதக் கேட்டுச் சொல்லுங்க."

மகள் கேட்டது ஒன்று, அப்பா கேட்டது வேறொன்று. இரண்டுக்கும் விடை தேடிச் சில மாதங்களாகப் படித்தவற்றையும் யோசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஜப்பானியப் பள்ளி என்றதும் தமிழ் ஆசிரியர்களின் மனத்தில் வருவது 'டோட்டோ-சான்' புத்தகத்தில் வரும் டோமோயி பள்ளி. ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கிய அந்தப் பள்ளி டோக்கியோவில் இருந்தது. 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. கிராமப் பள்ளியை அறிய விரும்புகிறவர்கள் திரும்ப வேண்டிய புத்தகம் வேறு. ட்சுபோய் சகாஎ 1952இல் எழுதிய 'இருபத்து நான்கு கண்கள்' என்ற நாவல் அது. 1954இல் கினோஷிதா கெய்சுகே அதைத் திரைப்படமாக எடுத்தார். கடலோரக் கிராமத்துச் சின்னஞ்சிறு பள்ளிக்கு ஓர் இளம் ஆசிரியை வருகிறார். முதல் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். அவர் மேல்நாட்டு உடை உடுத்தி மிதிவண்டியில் வருவதை ஊர்ப் பெண்கள் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். ஆசிரியைக்குக் காலில் அடிபட்டுப் பள்ளிக்கு வர முடியாமல் போகும்போது, பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லாமல் நெடுந்தூரம் நடந்தே அவரைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஊரின் முகம் மாறுகிறது. வந்தவர் அதே நாட்டுக்காரர், அதே மொழி பேசுகிறவர். அவருக்கே அவ்வளவு நாள் பிடித்தது. வலைக்காரர் கேட்ட கேள்விக்கு இதுவே முதல் பதிலாக எனக்குப் பட்டது.

வெளிநாட்டிலிருந்து போய் அங்கே பாடம் சொன்னவர்களின் வரலாறு நீண்டது. அதில் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், அவர் கதை நம் கரைக்கும் சொந்தமானது என்பதால். லாஃப்காடியோ ஹெர்ன், கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்தவர். அமெரிக்காவில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு 1890இல் ஜப்பான் வந்தார். ஷிமானே மாநிலத்தில் மட்சுஎ என்ற ஒதுக்குப்புறமான ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். ஓராண்டுக்குச் சற்று அதிகமாகத்தான் அங்கே இருந்தார். ஆனால் அந்த ஊரிலேயே கொய்சுமி செட்சு என்ற பெண்ணை மணந்தார். 1896இல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகனாகவும் ஆனார். மனைவியும் அக்கம்பக்கத்தவரும் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். கற்பிக்கப் போனவர் காது கொடுத்துக் கேட்கிறவராக மாறியதால்தான் இன்றும் மட்சுஎ ஊர் அவரைத் தன் பிள்ளையாக வைத்துக் கொண்டாடுகிறது.

1896 ஜூனில் ஜப்பானின் வடகிழக்குக் கரையான சன்ரிகுவை ஓர் ஆழிப்பேரலை தாக்கி, சுமார் 22,000 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஹெர்ன் வெளியிட்ட நூலில் 'வாழும் தெய்வம்' என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு கட்டுரை இருந்தது. 1854இல் கீ தீபகற்பத்தின் ஹிரோ கிராமத்தில் நிலநடுக்கத்துக்குப் பின் கடல் எழுந்தபோது, ஹமாகுச்சி கோர்யோ என்பவர் வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்து, அந்த வெளிச்சத்தில் ஊராரை மேட்டுக்கு வழிகாட்டிக் காப்பாற்றிய செய்தி அது. ஹெர்ன் அதைக் கேள்விப்பட்டபடி, கொஞ்சம் கற்பனை கலந்து எழுதினார். உண்மையில் முப்பதுகளில் இருந்த கோர்யோ அவர் எழுத்தில் மலைமேட்டில் வாழும் கிழவரானார். வைக்கோற்போர் அறுவடை செய்த நெற்போரானது.

பல ஆண்டுகள் கழித்து, அந்த வட்டாரத்திலேயே பிறந்த நகாய் ட்சுனெசோ என்ற பள்ளி ஆசிரியர் ஹெர்னின் ஆங்கிலத்தைப் பிள்ளைகளுக்கான எளிய ஜப்பானிய நடையில் சுருக்கி எழுதினார். கோர்யோ நிறுவிய பள்ளியின் வழிவந்த மாணவர் அவர். 'இனமுரா நோ ஹி', அதாவது 'போர்த் தீ' என்ற அந்தப் பாடம் 1937 முதல் 1947 வரை ஜப்பான் முழுவதும் தொடக்கப் பள்ளிப் பாடநூலில் இருந்தது. ஒரு கிராமத்தில் நடந்தது, வெளியூரிலிருந்து வந்த ஆசிரியரின் எழுத்தில் உலகம் சுற்றி, அந்த மண்ணின் ஆசிரியர் கை வழியாகவே மறுபடியும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஐ உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்ததற்குப் பின்னணி இந்தக் கதைதான். கோர்யோ தீ வைத்ததோடு நிற்கவில்லை. வீடும் படகும் இழந்த ஊராருக்குக் கூலி கொடுத்து, நான்காண்டு பாடுபட்டு, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார். 1946இல் மறுபடி அலை வந்தபோது ஊரின் பெரும்பகுதியை அந்தக் கரை காத்தது. காரைக்கால்மேட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு மனசு என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி இன்றைய நிலைமை. இப்போது கிராமப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு இளைஞர்கள் போகும் பெரிய வாசல், ஜெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுத் திட்டம். 1987இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேருடன் தொடங்கியது. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளாக விரிந்து, ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் ஒரே நேரத்தில் பணியில் இருக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மொழி உதவி ஆசிரியர்கள். எந்தப் பாடத்திலும் ஒரு பட்டம் போதும். கல்வியியல் பட்டம் கட்டாயமில்லை. ஓராண்டு ஒப்பந்தம், நீட்டித்தால் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. விமானச் செலவைத் திட்டமே ஏற்கிறது. முதலாண்டுச் சம்பளம் நெடுநாளாக ஆண்டுக்கு 33 லட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்தது. 2025இல் 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. எந்த ஊர் என்பது நம் கையில் இல்லை. விருப்பம் சொல்லலாம். ஆனால் எந்த நகராட்சிக்கு, எந்த மலையூருக்கு, எந்தத் தீவுக்கு என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

உதவி ஆசிரியர் என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. வந்தவர் அவரோடு சேர்ந்து நின்று பாடம் நடத்துவார். 2020 முதல் அங்கே ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகவும், மூன்று, நான்காம் வகுப்புகளில் பேச்சுப் பயிற்சியாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது. அதனால் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஆள் தேவைப்படுகிறது. சில ஊர்களில் ஒரே ஆள் வாரத்துக்கு நான்கைந்து பள்ளிகள் சுற்ற வேண்டும். திங்கள் பார்த்த பிள்ளையை அடுத்த திங்கள்தான் பார்ப்பார். முப்பது ஆண்டு ஒரே வகுப்பறை வாசம் கண்ட எனக்கு இது சங்கடமாகத்தான் இருக்கிறது. பிள்ளையின் பெயர் வாயில் படிவதற்குள் மணி அடித்துவிடும்.

இந்தியாவும் இந்தத் திட்டத்தில் உண்டு. டெல்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. ஜெட் தவிர, நகராட்சிகள் நேரடியாக எடுப்பதும், ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் வழியாக எடுப்பதும் உண்டு. இந்த இரண்டாவது வாசலில்தான் நம் பிள்ளைகளைத் தடுக்கும் ஒரு விதி நிற்கிறது. உதவி ஆசிரியராக மொழி கற்பிக்கப் போகிறவர், கற்பிக்கும் அந்த மொழி வழியாகவே பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்கிறது ஜப்பானியக் குடிவரவு விதி. கல்லூரி ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். என் மாணவி பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூ, பட்டம் எல்லாம் சேர்த்தும் கணக்கு ஐந்தோடு நின்றுவிடுகிறது. அவள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள், எழுதுவாள். ஆனாலும் சான்றிதழ் அவளுக்கு எதிராகப் பேசுகிறது. தாய்மொழியில் படித்ததே தடையாகும் இடம் இது என்பதை மனவருத்தத்தோடு எழுதுகிறேன். புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் பின்பற்றிவந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு 2024-25இல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. இனி வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகத் தமிழ் வழியை இகழ்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

இந்த வாசல்களைச் சுற்றி ஏஜென்ட்டுகளும் முளைத்துவிட்டார்கள். என் பழைய மாணவன் ஒருவனிடம் ஜப்பானில் 'டீச்சர் வேலை' என்று சொல்லி ஒரு தரகர் லட்சக்கணக்கில் கேட்டார். விசாரித்ததில் அது முதியோர் இல்லப் பராமரிப்பு வேலை. அந்த வேலையில் குறையொன்றும் இல்லை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் திறன்பெற்ற தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுதி முறையாகப் போகிறவர்கள் உண்டு. பெயரை மாற்றிச் சொல்லிப் பணம் பிடுங்குவதுதான் அநியாயம். ஜெட் திட்டத்துக்கு விண்ணப்பிக்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை என்பதை ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவைத்தால்கூட நல்லது.

அந்தக் கிராமங்கள் ஏன் வெளியாளைத் தேடுகின்றன? ஆங்கிலத்துக்காக என்பது பாதி விடை. மீதி விடை பிள்ளைகள் இல்லாத வீதிகளில் இருக்கிறது. 1949இல் ஜப்பானில் ஏறத்தாழ 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024இல் 7 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2002 முதல் 2020 வரை 8,580 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. பெரும்பாலானவை கிராமங்களிலும் தீவுகளிலும். ஷிகோகு தீவின் மலைக்குள் நகோரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த பள்ளி 2012இல் கடைசி இரண்டு மாணவர்களோடு மூடப்பட்டது. ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் ஊரை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் நினைவாக ஆளளவு துணிப் பொம்மைகள் செய்து வயலிலும் பேருந்து நிறுத்தத்திலும் வைக்கிறார். மூடிய பள்ளியின் மேசைகளிலும் பொம்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிழைத்துக்கொண்ட ஊர்களும் உண்டு. 1976இல் நாகானோ மாநிலத்தின் யசாகா கிராமத்தில், நகரத்துப் பிள்ளைகளை ஓராண்டு கிராமத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் 'மலைக்கிராமக் கல்வி' முறை தொடங்கியது. ஹெர்ன் ஒரு கோடையில் போய்வந்த ஓகி தீவுக்கூட்டத்தில் அமா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள தோசன் உயர்நிலைப் பள்ளி மூடும் தறுவாயில் இருந்தது. 2008 வாக்கில் ஊரும் பள்ளியும் ஒன்றாக உட்கார்ந்து, தீவையே பாடமாக்கி, வெளி மாநில மாணவர்களை வரவழைத்துப் பள்ளியை மீட்டெடுத்தார்கள். பள்ளி போனால் இளம் குடும்பங்கள் போகும், அவர்களோடு ஊரே போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட ஊருக்குப் போகிறவர் முப்பத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பை எதிர்பார்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில் சேர்த்துப் பதினாறு பிள்ளைகளுக்கு மேல் இல்லாவிட்டால் ஒரே அறையில் உட்காரவைப்பார்கள். நம் ஈராசிரியர் பள்ளிகளில் இருப்பது போலத்தான். ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மற்றதற்குத் திரும்புகிற வித்தை நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைவந்த கலை.

மதிய உணவு நேரத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மணி அடித்ததும் நான்கைந்து பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைய பரிமாறும் முறை அவர்களுடையது. சோற்று வாளியையும் குழம்புப் பாத்திரத்தையும் இரண்டு பேராகத் தூக்கி வந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் அளவு பார்த்து ஊற்றுகிறார்கள். ஆசிரியருக்கும் அதே சோறு, அதே குழம்பு, அதே மேசை. எல்லோருக்கும் வந்த பிறகு ஒன்றாகக் கைகூப்பி 'இததாகிமசு' என்று சொல்லித்தான் சாப்பிடத் தொடங்குகிறார்கள். ஜப்பானில் பள்ளி மதிய உணவு 1889இல் யமகதா மாநிலத்தின் ட்சுருஒகாவில், ஒரு புத்தக் கோயிலில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது: சோற்றுருண்டை, உப்பிட்டுச் சுட்ட மீன், ஊறுகாய். புதுவைப் பகுதியில் பிரெஞ்சு ஆட்சி 1930இலேயே மதிய உணவைத் தொடங்கியது. இந்த ஒரு விஷயத்தில் நாமும் முன்னோடிகள்தான்.

சாப்பாடு முடிந்ததும் துப்புரவு நேரம். வகுப்பறை, தாழ்வாரம், கழிப்பறை எல்லாவற்றையும் பிள்ளைகளே முறைவைத்துப் பெருக்கித் துடைக்கிறார்கள். ஆசிரியர்களும் கூட நிற்கிறார்கள். இதைப் புகழ்ந்து எழுதும் நம்மவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் 'எந்தப் பிள்ளை பெருக்கணும்' என்ற கேள்விக்குப் பின்னால் சாதி நின்றது, இன்னும் பல இடங்களில் நிற்கிறது. முறை எல்லோருக்கும் ஒன்று, விதிவிலக்கு யாருக்கும் இல்லை என்ற பிறகுதான் அந்த வேலை கல்வியாகும். அங்கே போய் அதை ஓராண்டு கண்ணால் பார்த்துவிட்டு வருகிற நம் பெண் ஒருத்தி, இங்கே ஒரு பள்ளியில் சொன்னால் அந்தச் சொல்லுக்கு வலு இருக்கும்.

மொழிக்கு வருகிறேன். கிராமத்தில் ஆங்கிலம் வகுப்பறைக்குள்தான். மளிகைக்கடை, அஞ்சலகம், பனி கொட்டும் நாளில் வழியை வாரும் பக்கத்து வீட்டுப் பாட்டி, வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் அறிவிப்பு அட்டை, எல்லாமே ஜப்பானியம். இங்கே தமிழருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியம் போலவே வினையில் முடியும். வேற்றுமை உருபு போல ஒட்டுச்சொல் பெயருக்குப் பின்னால் வரும். 'செய்து பார்' என்கிறோமே, பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, முயன்று பார்க்கச் சொல்கிறோம். ஜப்பானியரும் 'ஷிதே மிரு' என்று அதையேதான் சொல்கிறார்கள். 'மிரு' என்றால் பார். 'செய்து வை' என்பதற்கு 'ஷிதே ஒகு'. 'ஒகு' என்றால் வை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஓனோ சுசுமு நெடுங்காலம் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை, நானும் அந்த வாதத்துக்குள் போகவில்லை. உறவோ இல்லையோ, கற்கிறவருக்கு வாக்கியம் மடங்கி வருகிறது. சிரமமெல்லாம் எழுத்தில்: இரண்டு அசையெழுத்து வரிசைகள், அதற்கு மேல் அன்றாடம் வேண்டிய சீன வழிச் சித்திர எழுத்துகளே இரண்டாயிரத்துக்கு மேல்.

இன்னொரு மொழியும் என் மாணவிக்குத் தெரியும், மீனின் மொழி. ஜப்பானியக் கடற்கரையில் நெத்திலியை அவித்துக் காயவைத்து 'நிபோஷி' என்று குழம்புச் சாற்றுக்குப் போடுகிறார்கள். சூரையை அவித்து, புகையிட்டு, கட்டையாக உலர்த்திச் சீவிப் போடுவது 'கட்சுஒபுஷி'. நம் கரையிலும் இலங்கையிலும் மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாட்டின் தம்பி அது. டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியரைவிடக் காரைக்கால்மேட்டுப் பெண் அந்தக் கரையில் வேகமாகப் பேச்சுத் தொடங்கிவிடுவாள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது 2011 மார்ச் 11ஐத் தாண்டிப் போக முடியாது. 2004 டிசம்பர் 26இல் காரைக்கால் பகுதி மட்டும் ஐந்நூறு உயிர்களுக்கு அருகில் பறிகொடுத்தது; பெரும்பாலும் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை. ஜப்பானில் அது வெள்ளிக்கிழமைப் பிற்பகல், பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிள்ளைகளை முற்றத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். பின்னாலேயே மலை. அலை வந்தபோது 108 பிள்ளைகளில் 74 பேரும் ஆசிரியர்கள் உள்ளிட்ட பணியாளர் 10 பேரும் போனார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கில் நகராட்சியும் மாநிலமும் பொறுப்பு என்ற தீர்ப்பை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நாளில் கமாய்ஷி நகரின் உனோசுமாயில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்களும் சேர, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு மேல் மேடாக ஏறி உயிர் தப்பினார்கள். பல ஆண்டுகளாகப் பேராசிரியர் கதாதா தொஷிதகாவும் உள்ளூர் ஆசிரியர்களும் சொல்லிக்கொடுத்த பாடம் அது: வரைபடத்தில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டை நம்பாதே, முடிந்தவரை மேலே போ, முதலில் ஓடுகிறவன் நீயாக இரு.

ஜெட் வழியாக வந்த இருவர் அன்று இறந்தார்கள். அலாஸ்காவிலிருந்து ரிகுசென்தகாதாவுக்கு வந்திருந்த மாண்டி டிக்சன் ஒருவர். வர்ஜீனியாவிலிருந்து இஷினோமாகிக்கு வந்திருந்த டெய்லர் ஆண்டர்சன் மற்றொருவர், வயது 24. பள்ளியில் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பதில் உதவிவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அலையில் சிக்கினார். மகளின் நினைவாக டெய்லரின் பெற்றோர் அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கொடுக்க முன்வந்தார்கள். அந்தப் புத்தகங்களுக்கான அலமாரிகளைச் செய்து கொடுத்தவர் உள்ளூர்த் தச்சர் ஒருவர். அவருடைய மூன்று பிள்ளைகளும் அந்த அலையில் போனவர்கள், டெய்லரிடம் படித்தவர்கள். மரத்தை இழைத்து, மூலைகளைப் பிள்ளைகளின் கையில் குத்தாதபடி உருட்டி, அவர் செய்த அலமாரிகள் வகுப்பறைகளில் நிற்கின்றன. ஊர் ஆளாக ஏற்றுக்கொள்வார்களா என்று வலைக்காரர் கேட்டதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நம் டெல்டாக் கரையிலிருந்து கடல் கடந்தவர்களுக்குக் கணக்கில்லை. காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள், 'சொல்தா' (படைவீரர்) பென்ஷனோடு திரும்பியவர்கள், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்கள் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பாடம் சொல்லப் போனவர்கள் கதைதான் குறைவாகப் பேசப்படுகிறது. மலாயாவின் தோட்டப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களும், எத்தியோப்பியாவின் ஊர்ப்புறப் பள்ளிகளுக்குக் கேரளத்தவரோடு போன தமிழர்களும், மாலத்தீவின் சிறு தீவுகளில் ஒப்பந்தத்தில் கணக்கும் அறிவியலும் நடத்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாலத்தீவிலிருந்து திரும்பிய தோழி ஒருத்தி சொன்னாள்: "முதல் மாசம் சம்பளத்த எண்ணினேன். அப்புறம் தீவுக்குப் படகு வர்ற நாள எண்ணினேன். ரெண்டாவது வருசம் எதையும் எண்ணல." ஜப்பானுக்குப் போகிறவளுக்கும் இதையேதான் சொல்லி அனுப்புவேன்.

ஜப்பானியப் பொதுப் பள்ளியில் இந்தியர் நிமிர்ந்து நிற்க முடியுமா என்றால், முடியும். புராணிக் யோகேந்திரா என்ற இந்தியர் 2019இல் டோக்கியோவின் எதோகவா வட்டாரத்தில் மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு இபராகி மாநிலத்தின் ட்சுச்சிஉராவில் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக 2023இல் பொறுப்பேற்றார். ஆனால் அவர் அதற்கு முன் இருபதாண்டுக் காலம் அங்கே வாழ்ந்து, அந்த மொழியில் ஊறிக் குடியுரிமையும் பெற்றவர்.

அதனால் என் மாணவிக்கு நான் சொன்ன வழி சற்று சுற்றுவழி. ஜெட் திட்டத்திலேயே சர்வதேச உறவு ஒருங்கிணைப்பாளர் என்று இன்னொரு பணி உண்டு. கிராம, நகர அலுவலகங்களில் இருந்துகொண்டு, பள்ளிகளுக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் போய்த் தன் நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குத் தேவை நல்ல ஜப்பானியம். மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை இங்கேயே, நம் கரைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடு என்றேன். இங்கே பாடம் நடத்திப் பழகாதவர் அங்கே போய் எதை நடத்துவார் என்பது என் பிடிவாதம். நம் பள்ளியில் நிற்க வேண்டிய ஆசிரியையை ஜப்பானுக்கு அனுப்புகிறோமே என்ற குறுகுறுப்பும் எனக்கு இருக்கிறது. போய் ஐந்து ஆண்டில் திரும்பிவிடு என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். ஒப்பந்தமே அதற்கு மேல் விடாது என்பது ஓர் ஆறுதல்.

அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள். போன மாதம் வீட்டுத் திண்ணையில் நோட்டைப் பிரித்து, கட்டம் போட்டு எழுதிய இரண்டு சித்திர எழுத்துகளை அப்பாவிடம் காட்டினாள். "இது 'ட்சு', துறைன்னு அர்த்தம்ப்பா. இது 'நமி', அலை. சேத்தாதான் சுனாமி. துறையில வர்ற அலை."

அவர் வலையைக் கீழே வைத்தார். 2004இல் அலை வந்த அன்றைக்குக் காலையில் அவர் கடலில் இருந்தவர். இவளுக்கு அப்போது இரண்டு வயது. இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா மேற்கே பார்த்து ஓடினார்.

"சரியாத்தான் பேரு வச்சிருக்கான்" என்றார். "நடுக்கடல்ல எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. படகு லேசா ஒசந்து எறங்குச்சு, அவ்வளவுதான். துறைக்கு வந்துதான் பாத்தோம்."

அந்த இரண்டு எழுத்தையும் தனக்கும் எழுதிக் காட்டச் சொன்னார்.